பனிக்கட்டியாற்றின் வாயிலும் களனியின் வாயிலும்: ஆய்வுகூட நாட்குறிப்பு

ஒக்டோபர் 14

கொங்ஸ்ஃபியோர்டில் எடுத்த மாதிரிகள் இன்று என் மேசைக்கு வந்தன. மாதிரிகள் கெடாமல் ஊற்றிவைக்கும் போமலின் திரவத்தைக் கழுவி அகற்றவே காலை முழுவதும் சரியாகிவிட்டது. வெளியே நல்ல மழை.

கொங்ஸ்ஃபியோர்ட் இருப்பது நோர்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளின் மேற்குக் கரையில், வட அகலாங்கு 79 பாகையில். பனிக்கட்டியாறு குடைந்த நீண்ட பள்ளத்தாக்கில் கடல் புகுந்து நிற்கிறது. அதன் உள்முனையில் குரோனபிறீன், கொங்ஸ்பிறீன் போன்ற பனிக்கட்டியாறுகள் நேரே கடலில் வந்து முடிகின்றன. வாய்ப்பக்கமாக அத்திலாந்திக்கின் இளஞ்சூட்டு நீர் நுழைகிறது. இரண்டு நீரும் சந்திக்கும் இடத்தில் வாழும் நுண்ணிய விலங்குகள்தான், அதாவது விலங்குப் பிளாந்தன்கள்தான், இந்தப் போத்தல்களில் இருக்கின்றன.

எனக்கு முதலில் பிடித்தது போத்தல்களின் மேல் எழுதியிருந்த எண்கள்: 0–20, 20–50, 50–100, 100–200 மீற்றர். ஒரே இடம், ஒரே நேரம், ஆனால் அடுக்குக்கு ஒரு போத்தல். மல்டிநெட் என்ற கருவியில் ஐந்து வலைகள் இருக்கும். மேலே இழுத்துவரும்போது குறித்த ஆழத்தில் ஒன்று மூட, அடுத்தது திறக்கும். எடுத்தவர்கள் அக்கறையானவர்கள் என்பது அந்த எண்களிலேயே தெரிந்தது.

ஒக்டோபர் 16

ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி கேட்டான்: "ஏன் அக்கா இவ்வளவு சிரமம்? அடியிலிருந்து மேல்வரைக்கும் ஒரே இழுப்பில் எடுத்தால் எல்லாமே வந்துவிடுமே?"

வரும்தான். ஆனால் எது எங்கே இருந்தது என்பது போய்விடும். பனிக்கட்டியாற்று முகப்பில் அது மிகப் பெரிய இழப்பு.

கோடையில் உருகும் நீர் பனிக்கட்டியின் மேலால் மட்டும் வழிவதில்லை. விரிசல்களுக்குள் இறங்கி, அடித்தளத்தில் ஓடி, கடல்மட்டத்துக்குப் பல மீற்றர் கீழே வெளிவருகிறது. நன்னீர் அடர்த்தி குறைந்தது என்பதால் உடனே மேலே எழும்புகிறது. எழும்பும்போது சுற்றியுள்ள உவர்நீரையும் இழுத்துக்கொண்டு வரும், அந்த நீரில் இருந்த பிளாந்தன்களோடு சேர்த்து. மேலே வந்தால் கலங்கிய பழுப்பு நீர். அரைபட்ட பாறைத்தூள் அதில் மிதப்பதால் வெளிச்சம் கொஞ்ச ஆழத்துக்குக்கூட இறங்காது. கிட்டிவேக் என்ற கடற்பறவைகள் அந்தப் பழுப்பு நீர்மேல் கூட்டமாக இறங்கி, ஆழத்திலிருந்து வந்தவற்றைக் கொத்தித் தின்னும்.

எழும்பி வந்த விலங்குகளில் ஒரு பகுதி, உவர்த்தன்மை திடீரெனக் குறைவதால் மயங்கிப்போகிறது அல்லது இறந்துவிடுகிறது. இறந்தவை மெதுவாக அடிக்குப் போய் அங்குள்ள விலங்குகளுக்கு இரையாகின்றன. ஆகவே மேலடுக்குப் போத்தலில் ஒரு கொப்பிபொட் (இறால் இனத்தைச் சேர்ந்த, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் விலங்குப் பிளாந்தன்) இருக்கிறது என்பதற்காக அது மேலடுக்கில் வாழ்ந்தது என்று சொல்லிவிட முடியாது. தம்பி அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தானே போய் லேபல்களைத் தாளில் பிரதிபண்ணத் தொடங்கினான்.

ஒக்டோபர் 17

முழு நாளும் கலானஸ் என்ற கொப்பிபொட் வகைதான். கலானஸ் ஃபின்மார்க்கிகஸ் அத்திலாந்திக் நீரோடு வருவது, கலானஸ் கிளாசியாலிஸ் ஆர்க்டிக் கடலோரத்துக்குரியது. உடலின் நீளத்தை அளந்து பிரிப்பதுதான் வழக்கம். மரபணுச் சோதனை வந்த பிறகு இரண்டினதும் நீளங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன என்று தெரிந்துவிட்டது. அதனால் எல்லைக்கோட்டில் நிற்பவற்றுக்குப் பெயர் வைக்காமல் 'கலானஸ்' என்று மட்டும் பதிகிறேன். தெரியாததைத் தெரிந்ததுபோல அட்டவணையில் போடுவது எனக்குப் பிடிக்காத காரியம்.

உடலுக்குள் எண்ணெய்ப் பை கண்ணாடிபோலத் தெரிகிறது. குளிர்காலம் முழுக்க ஆழத்தில் சாப்பிடாமல் கிடப்பதற்கான சேமிப்பு அது. எத்தனை பார்த்தாலும் அலுக்கவில்லை.

ஒக்டோபர் 22

மழை விட்டிருந்தது. முகத்துவாரத்தில் தெரிந்த ஒரு அண்ணனின் படகில் களனி கங்கை கடலோடு சேரும் இடத்துக்குப் போனோம். சிவனொளிபாத மலைப் பக்கமிருந்து 145 கிலோமீற்றர் ஓடிவரும் ஆறு, இந்த மாதத்தில் நல்ல செம்மண் நிறத்தில் இருக்கும். நம் நாட்டில் பனிக்கட்டியாறு கிடையாது, இங்கே அடியிலிருந்து எழும்பும் நீரும் இல்லை. ஆனால் நன்னீர் மேலேயும் உவர்நீர் கீழேயும் படுத்திருப்பதைக் கையால் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கொழும்பில் எனக்குத் தெரியாது.

"மிஸ், மேல்தண்ணி ஒரு பக்கம் போகும், அடித்தண்ணி வேற பக்கம் போகும். நங்கூரக் கயிறைப் பிடிச்சாலே தெரியும்" என்றார் அண்ணன். கருவியை இறக்கிப் பார்த்தோம். அவர் சொன்ன ஆழத்துக்குக் கிட்டத்தான் உவர்த்தன்மை சட்டென்று ஏறியது.

டபிள்யூபி-2 வலையைப் பயன்படுத்தினோம். வாயின் பரப்பு 0.25 சதுர மீற்றர், வலைக்கண்ணின் அளவு 200 மைக்ரோமீற்றர். கணக்கு இலகு: 50 மீற்றர் இழுத்தால் 12.5 கன மீற்றர் நீர் வலைக்குள்ளால் போயிருக்கும். கலங்கல் நீரில் கண்கள் அடைத்துக்கொள்வதால் அந்தக் கணக்கை மட்டும் நம்பக்கூடாது, வாயில் நீரோட்டமானி கட்டாயம் வேண்டும். கயிற்றில் பித்தளைக் குண்டொன்றை நழுவவிட்டால் வலையின் கழுத்து இறுகி மூடும். கீழடுக்கை அப்படித் தனியாக எடுத்தோம்.

போமலின் ஊற்றுவதற்கு முன் நியூட்ரல் றெட் சாயம் சேர்த்தோம். உயிரோடு இருப்பவை சாயத்தை எடுத்துச் சிவக்கும், ஏற்கெனவே இறந்தவை வெளிறியே இருக்கும். போமலின் முதலில் போனால் இந்த வேறுபாட்டைப் பிறகு எவராலும் மீட்க முடியாது. படகு ஆடினாலும் நேரமானாலும் இந்த ஒரு படியை மட்டும் விடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒக்டோபர் 23

மேலடுக்கில் வெளிறியவை கண்ணில் படும் அளவுக்கு இருந்தன. கீழடுக்கு நன்றாகச் சிவந்திருந்தது. எல்லாம் அகார்ட்டியா, ஒய்தோனா என்ற சின்னச் சின்னக் கொப்பிபொட்கள். எண்ணெய்ப் பை ஏதுமில்லை. சூடான கடலில் சில வாரங்களுக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும், சேமிப்பு எதற்கு?

ஒய்தோனாவின் குஞ்சுகள் 200 மைக்ரோமீற்றர் கண்ணால் நழுவிவிடும். கொங்ஸ்ஃபியோர்டிலும் இதே சிக்கல்தான். சிறியவற்றுக்கு நுண்ணிய கண் வலை வேறாக வேண்டும்.

ஒக்டோபர் 30

எண்ணிக்கை முடிந்தது, அட்டவணை தயாராகிறது. இந்த வேலை ஏன் அவசரம் என்று வீட்டில் கேட்டார்கள். லிட்டில் ஓக் என்ற சிறு பறவை குஞ்சு வளர்க்கும் காலத்தில் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 60,000 கொப்பிபொட்களைப் பிடிக்க வேண்டும். கொழுப்பு நிறைந்த கிளாசியாலிஸ் கிடைத்தால் சமாளிக்கும், மெலிந்த ஃபின்மார்க்கிகஸ் மட்டும் என்றால் கூடுதலாகப் பாடுபட வேண்டும். இன்னொரு பக்கம், கொங்ஸ்ஃபியோர்டில் புளொம்ஸ்ட்ராண்ட்பிறீன் பின்வாங்கியதில் தீபகற்பம் என்று நினைத்திருந்த இடம் தீவு என்று வெளிப்பட்டது. பனிக்கட்டியாறு கடலை விட்டுத் தரைக்கு ஏறிவிட்டால் அடியிலிருந்து நீர் எழும்புவது நின்றுபோகும். உருகும் நீர் மேலால் மட்டும் ஓடும், கிட்டிவேக்கின் பந்தியும் முடியும். அதற்கு முன்பு எந்த அடுக்கில் எது இருந்தது என்ற பதிவு நம்மிடம் இருக்க வேண்டும்.

மாதிரி எடுத்த குழுவுக்கு இன்று எழுதினேன்: அடுத்த கோடையில் முகப்புக்கு அருகிலுள்ள நிலையங்களிலாவது போமலினுக்கு முன் சாயம் சேருங்கள், 0–20 மீற்றர் அடுக்கை இன்னும் இரண்டாகப் பிரியுங்கள் என்று. நம் களனிப் போத்தல்களின் படங்களையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.