குளக்கரையில் கைப்பேசி

உல்லாசக் கப்பலின் மேல்தளத்தில், நீச்சல் குளத்தையொட்டிச் சாய்வு நாற்காலியில் படுத்திருக்கும்போது, கைப்பேசிக்குத் தண்ணீரைவிட வெயிலே பெரிய எதிரி என்பது என் கருத்து. ஐபோன் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் இயங்குவதற்கென வடிவமைக்கப்பட்டது. நடுப்பகல் வெயிலில் திரை மேல்நோக்கிக் கிடந்தால், வெப்ப எச்சரிக்கை தோன்றித் தற்காலிகமாக முடங்கக்கூடும். நீர்புகா உறைக்குள் இருந்தால், சூடு வெளியேற வழியின்றி நிலைமை இன்னும் மோசமாகும். ஆகவே உறையை நாற்காலியின் அடியில், நிழலில் வைப்பதே என் வழக்கம்.

தூசியும் நீரும் புகாத தன்மையைச் சோதித்துத் தரப்படும் ‘ஐபி68’ என்ற குறியீட்டை நம்பிக் கைப்பேசியோடு குளத்தில் இறங்குவோரைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாகவே இருக்கும். அந்தச் சோதனை நன்னீரில் நடத்தப்படுவது. பல கப்பல்களின் குளங்களில் நிரப்பப்படுவதோ கடல்நீர். உப்பு, சார்ஜ் செய்யும் துளையிலுள்ள உலோக முனைகளை அரித்துவிடும். ஈரம் புகுந்துவிட்டால், துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து மெல்லத் தட்டி, நன்றாக உலரும்வரை சார்ஜ் செய்யாமல் காத்திருக்க வேண்டும். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியத்தை ஆப்பிள் நிறுவனமே வேண்டாம் என்கிறது. அரிசித் துகள்கள் உள்ளே புகுந்து கெடுதல் செய்யலாம்.

புதிதாக வாங்கிய உறைக்குள் முதலில் டிஷ்யூ காகிதத்தை மட்டும் வைத்து மூடி, அறையின் கைகழுவும் தொட்டியில் அரை மணி நேரம் அமிழ்த்திப் பார்க்கலாம். காகிதத்தின் ஓரம் சற்றே ஈரமாகியிருந்தாலும் அந்த உறை வேண்டாம். டேப்லெட்டுக்கும் மடிக்கணினிக்கும் குளக்கரையில் வேலையே இல்லை; அவை அறையிலுள்ள பாதுகாப்புப் பெட்டகத்தில் கிடக்கட்டும்.