காம்பவுண்ட் வில் செட்டிங்: சைட்டுக்குக் கடைசி முறை

பெங்களூரில் புதிதாக காம்பவுண்ட் வில் (இரு முனையிலும் சக்கரம் வைத்த வில்) வாங்குகிற நம்மவர்கள் பலர் பெட்டியைப் பிரித்ததும், குறிபார்க்க உதவும் சைட்டைத்தான் திருகுகிறார்கள். சைட் கடைசி வேலை. வேட்டைக்கென்று வந்த மாடலானாலும் வரிசை இதேதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம் என்பதால், நமக்கு எல்லாம் இலக்குப் பலகைதான். போட்டிக்குப் போவதானால் இழுவிசை 60 பவுண்டைத் தாண்டக் கூடாது.

முதலில் ட்ரா லென்த், அதாவது ஸ்ட்ரிங்கை (வில் நாணை) இழுக்கும் நீளம். இரண்டு கையையும் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நுனி வரை அளந்து 2.5ஆல் வகுங்கள், 70 அங்குலத்துக்கு 28 வரும். இது தொடக்கக் கணக்குதான். முழுதாக இழுத்து நிற்கையில் தலை சாயாமலே ஸ்ட்ரிங் மூக்கு நுனியைத் தொட வேண்டும். தலை பின்னால் போனால் நீளம் அதிகம்.

அடுத்து கேம் டைமிங், அதாவது வில் முனைகளில் உள்ள சக்கரங்கள் (கேம்) ஒத்துச் சுழல்வது. ஒருவர் இழுக்க, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். இழுப்பை நிறுத்தும் மேல் ஸ்டாப்பும் கீழ் ஸ்டாப்பும் ஒரே நேரத்தில் முட்ட வேண்டும். இழுக்கும்போது அம்பு பூட்டி, இலக்கைப் பார்த்தபடிதான் இழுக்க வேண்டும். அம்பில்லாமல் ஸ்ட்ரிங் கை நழுவினால் லிம்ப் (வில்லின் வளையும் கை) பிளக்கும், கேம் வளையும். டைமிங் தவறினால் கேபிளை முறுக்கித் திருத்த வேண்டும். அதற்கு பிரெஸ் (லிம்ப்பை அழுத்திப் பிடிக்கும் கருவி) கட்டாயம்; வீட்டில் முயலவே கூடாது.

ரெஸ்ட்டை (அம்பைத் தாங்கும் பகுதி) ரைசரிலிருந்து (பிடி உள்ள நடுப்பகுதி) சுமார் 20 மிமீ தள்ளி வையுங்கள். அம்பு ஸ்ட்ரிங்குக்குச் செங்குத்தாக, பெர்கர் துளையின் (ரைசரில் ரெஸ்ட் பொருத்தும் துளை) நடுவே போகட்டும். பிறகு பேப்பர் டியூனிங்: சட்டத்தில் தாள் கட்டி 2 மீட்டரிலிருந்து எய்யுங்கள். வலக்கைக்காரருக்கு வால் இடப்பக்கம் கிழித்தால் ரெஸ்ட்டை வலப்பக்கம் நகர்த்துங்கள்; வால் மேலே கிழித்தால் ரெஸ்ட்டை உயர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் அரை மிமீ போதும். எவ்வளவு நகர்த்தியும் அதே கிழிசல் என்றால் ஸ்பைன் (அம்பின் விறைப்பைச் சொல்லும் எண்) பொருந்தவில்லை. எண் குறையக் குறைய அம்பு விறைப்பு, 400ஐவிட 500 அதிகம் வளையும். அம்புக்கு அம்பு கிழிசல் மாறினால் வில்லில் குறையில்லை, பிடிக்கும் கை முறுக்குகிறது. இறகு எங்காவது உரசுகிறதா என்று பார்க்க, இறகு விளிம்பில் லிப்ஸ்டிக் தடவி எய்யுங்கள். ரெஸ்ட்டிலோ கேபிளிலோ பட்ட இடத்தில் சிவப்புக் கோடு விழுந்திருக்கும்.

வேட்டை நடக்கிற நாடுகளில் இந்தக் கட்டத்தில் இன்னும் கறாராக இருப்பார்கள். பிளேடு வைத்த முனை முன்பக்க இறகாக வேலை செய்து, சின்னக் கோணலையும் பெரிதாக்கிவிடும்.

அடுத்து பீப், அதாவது ஸ்ட்ரிங்கில் உள்ள, பார்க்கும் சிறு துளை. கண்ணை மூடி இழுத்து, ஆங்கர் (இழுத்த கை முகத்தில் ஊன்றும் இடம்) நிலைத்த பின் கண்ணைத் திறந்து, அதற்கேற்பப் பீப்பைப் பொருத்துங்கள். இதெல்லாம் முடிந்த பிறகே சைட். அம்பு இடப்பக்கம் விழுந்தால் சைட்டும் இடப்பக்கம்தான் போக வேண்டும். 18 மீட்டரில் முடித்துவிட்டு 50க்குப் போங்கள்.

புது ஸ்ட்ரிங் நீளும், பீப் திரும்பும். அதனால் லிம்ப் விளிம்பு கேமின் மேல் விழும் இடத்தில் வெள்ளி மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு நகர்ந்தால் டைமிங்கை மறுபடி பாருங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வில்லை விட்டுப் போகாதீர்கள்.