பெரியப்பாவின் பத்மினிக்கு பீடிங் தட்டிய கதை

பெரியப்பாவின் பத்மினி கார் தரங்கம்பாடி வீட்டுக் கொட்டகையில் பதினோரு வருடம் நின்றது. உப்புக்காற்றில் பம்பர் முழுக்கத் துருப்புள்ளி, பக்கவாட்டில் ஓடும் அலங்காரப் பட்டையான பீடிங் எல்லாம் நெளிசல். மாயவரத்துக்கு இழுத்து வந்ததும் நான் செய்த முதல் தப்பு, பம்பரை அவசரமாக முலாம் பூசக் கொடுத்ததுதான். தகதகவென்று வந்தது, ஐப்பசி மழை தாண்டுவதற்குள் கொப்புளம் கொப்புளமாக உரிந்துவிட்டது.

அப்புறம்தான் விசாரித்தேன். முலாமில் நாம் பார்க்கிற மேல்பூச்சான குரோமியம் அரை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கூட இருக்காது. துருவைத் தடுப்பது அதற்குக் கீழே 20, 30 மைக்ரான் ஏறும் நிக்கல், குழிகளை அடைப்பது அதற்கும் கீழே உள்ள செம்பு. செம்பைக் கனமாக ஏற்றி, தேய்த்துச் சமமாக்கி, குழி தெரிந்தால் மறுபடி ஏற்ற வேண்டும், அந்த வேலையைத்தான் விட்டுவிட்டார்கள். இரண்டாம் முறை வேறு பட்டறை. செம்பு ஏறியதும் நேரில் போய் விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் நிக்கலுக்கு விட்டேன்.

பீடிங் எவர்சில்வர், முலாமே கிடையாது. புதுசு வாங்கிப் போடு என்றார்கள். பத்மினி தயாரிப்பையே நிறுத்தி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, இப்போது கிடைப்பவை பெரும்பாலும் மெல்லிய தகடு, எனக்கு மனசே வரவில்லை. மரக்கட்டையில் கவிழ்த்து வைத்து, உட்பக்கத்திலிருந்து சின்ன உருண்டைமுனைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். ஓங்கி அடித்தால் தகடு விரிந்துவிடும், பிறகு எதுவும் செய்ய முடியாது. வெளிப்பக்கம் மார்க்கரால் கறுப்படித்து, கட்டையில் சுற்றிய வாட்டர் பேப்பரால், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால், தேய்த்தால் மேடு வெளுக்கும், பள்ளம் கறுப்பாகவே நிற்கும், அங்கே மட்டும் மறுபடி தட்ட வேண்டும். ஓர் அடிக்கு ஒரு மாலை ஆனது! பிறகு 320, 600, 1000 என்று எண் ஏற ஏற நைசாகும் தாளை மாற்றி மாற்றித் தேய்த்தேன்.

பஃப் அடிக்க, அதாவது சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகேற்ற, நாச்சியார்கோவில் பட்டறைக்காரர் ஒருவரிடம் போனேன். குத்துவிளக்குக்குப் பழகிய கை. பித்தளைத் தூள் ஒட்டிய சக்கரம் இதற்கு ஆகாது என்று அவரே தனிச் சக்கரம் மாட்டி, வேறு மெருகு சோப்பு தடவினார். பீடிங் முனை சக்கரத்தில் சிக்கினால் கையோடு பிடுங்கிவிடும், அதனால் மரச்சட்டத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வீட்டில் செய்கிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மாட்டும்போது, பீடிங்கைப் பிடிக்கும் கிளிப்புகளுக்காக கார் தகட்டில் உள்ள துளைகளில் கிரீஸ் வைத்தேன், பழைய துரு அங்கேதான் தொடங்கியிருந்தது.

போன வாரம் பெரியப்பா வந்தார். வலது கதவை நுனியிலிருந்து நுனிவரை தடவிவிட்டு, திருவாரூர் ரோட்டில் மாட்டுவண்டி உரசிய நெளிவு எந்தப் பக்கம்டா இருந்தது என்று என்னிடமே கேட்டார்.