தாங்கல் கரைசலில் தண்ணீர் ஊற்றினால் பி.எச். மாறுமா?

நீட் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு மாதிரித் தேர்வில் இந்தக் கேள்வியைத் தவறவிட்டேன். 0.1 மோலார் அசிட்டிக் அமிலமும் அதன் உப்பான சோடியம் அசிட்டேட் 0.1 மோலாரும் உள்ள தாங்கல் கரைசலை (கொஞ்சம் அமிலமோ காரமோ சேர்ந்தாலும் பி.எச். அதிகம் மாறாத கரைசல்) தண்ணீர் சேர்த்துப் பத்து மடங்காக்கினால் பி.எச்., அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், என்ன? ஹைட்ரோகுளோரிக் அமிலமாக இருந்தால் ஒன்று கூடும். அதே பழக்கத்தில் 5.74 என்று குறித்துவிட்டேன். சரியான விடை 4.74, அதாவது பழைய மதிப்பேதான்.

தாங்கல் கரைசலின் பி.எச். காணும் ஹெண்டர்சன் சமன்பாடு (பி.எச். = pKa + மடக்கை [உப்பு/அமிலம்]; pKa என்பது அந்த அமிலத்துக்கான மாறா எண்) எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் மடக்கைக்குள் இருப்பது உப்புக்கும் அமிலத்துக்குமான விகிதம் என்பது உறைக்கவில்லை. தண்ணீர் இரண்டையும் ஒரே அளவில் குறைக்கிறது. 0.1-ஐ 0.1-ஆல் வகுத்தாலும் 0.01-ஐ 0.01-ஆல் வகுத்தாலும் ஒன்றுதான். ஒன்றின் மடக்கை பூஜ்யம். மிஞ்சுவது அசிட்டிக் அமிலத்தின் pKa ஆன 4.74 மட்டும்தான்.

அது மீன்பிடித் தடைக்காலம். பாம்பனில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நின்றன. அப்பா திண்ணையில் உட்கார்ந்து, வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் சத்தமாகப் படிப்பதைக் கேட்டு, "அப்போ தண்ணி ஊத்தினா ஒண்ணுமே ஆகாதாம்மா?" என்றார். விகிதம் மாறாது என்று விளக்கினேன். "பங்கு மாதிரிதான். மீன் நிறையப் பட்டாலும் கொஞ்சமாப் பட்டாலும் பங்குக் கணக்கு ஒண்ணுதான். ஆனா கொஞ்சமாப் பட்ட அன்னிக்கு ஒரு செலவு வந்தா தாங்காது" என்றார்.

நான் விட்ட பாதி அதுதான்: தாங்கல் திறன், அதாவது சேர்க்கும் அமிலத்தையோ காரத்தையோ கரைசல் எவ்வளவு தாங்கும் என்பது. முதல் கரைசலில் ஒரு லிட்டருக்கு 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் பி.எச். 4.74-இலிருந்து 4.65-க்குத்தான் இறங்கும். பத்து மடங்கு நீர்த்த கரைசலில் அதே அளவைச் சேர்த்தால் அசிட்டேட் முழுவதும் தீர்ந்துபோய் 3.22-க்கு விழும். இந்த இரண்டு கணக்கையும் ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள்.

அளவு மீறி நீர்த்தால் சமன்பாடே பொருந்தாது. இரண்டும் 0.00001 மோலார் ஆகிவிட்டால் பி.எச். 5.27-க்கு அருகில் வரும். இன்னும் நீர்த்தால் 7-ஐ நோக்கிப் போகும். ஆய்வகத்தில் மீட்டர் வைத்து அளந்தால் சாதாரண நீர்த்தலிலும் சிறிது நகரும். அயனிகளுக்கு இடையிலான ஈர்ப்பு குறைவதுதான் காரணம். அங்கே வாலைவடிநீர் மட்டும் சேருங்கள். உப்புக் கரிக்கும் நம் கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் பைகார்பனேட்டும் இருக்கும். அது அமிலத்தோடு வினைபுரிந்து விகிதத்தையே மாற்றிவிடும்.

அப்புறம், கேள்வியில் என்ன சேர்க்கிறார்கள் என்ற சொல்லின் கீழ் கோடு போடுங்கள். "சம கனஅளவு நீர்" என்றால் விகிதம் அப்படியே நிற்கும். "சம கனஅளவு 0.1 மோலார் அசிட்டிக் அமிலம்" என்றால் அமிலம் இரண்டு மடங்காகி விடை 4.44 ஆகும்.