எடுத்துக் கொடுக்காதே: மாவோரி மொழி வகுப்பின் ஒரு விதி

மாவோரிகள் நியூசிலாந்தின் பூர்வகுடிகள். அங்கே மாவோரி மொழி வகுப்புக்கு வந்து உட்காரும் மாவோரிக்கு முதல் தடை இலக்கணமல்ல, கூச்சம். பாட்டி சரளமாகப் பேசியிருப்பார், அம்மாவுக்குக் கேட்டால் புரியும், இவருக்கு வாய் வராது. வெளியாள் தப்பாகப் பேசினால் அது வெறும் தப்பு. சொந்த மொழியில் தடுமாறினால் உடம்பே குறுகிப்போகிறது. அதை 'ஃபக்கமா' என்பார்கள். வெட்கமும் தலைகுனிவும் கலந்த சொல்.

இந்தக் கூச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1867இல் வந்த சட்டம் மாவோரிக் குழந்தைகளுக்கான பள்ளிகளை ஆங்கிலவழி ஆக்கியது. பிறகு பல பள்ளிகளில் மாவோரி பேசிய பிள்ளைக்கு அடி விழுந்தது. அடி வாங்கியவர்கள் பெற்றோரானதும், தம் பிள்ளைகளாவது தப்பட்டும் என்று வீட்டில் ஆங்கிலம் பேசினார்கள். 1970களில் ஓத்தாக்கி வட்டாரத்து மூன்று குலங்கள் கணக்கெடுத்தபோது, 30 வயதுக்குக் கீழே மாவோரியில் உரையாடத் தெரிந்த ஒருவர்கூட இல்லை.

மாவோரி ஆசிரியைகளான காத்தெரினா மத்தாய்ராவும் ஙோயி பெஃபாய்ராங்கியும் 1979 வாக்கில் தொடங்கிய 'தே அத்தாராங்கி' முறை இந்தக் கூச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அதனால்தான் அது வேலை செய்தது என்பது என் கருத்து. புத்தகம், கரும்பலகை எதுவும் முதலில் கிடையாது. கணக்குப் பாடத்துக்காகச் செய்த வண்ணக் கோல்கள்தான் கருவி: பத்து நிறம், 1 முதல் 10 செ.மீ. வரை நீளம். எல்லாரும் வட்டமாக உட்கார, நடுவில் கோல்கள் குவிந்து கிடக்கும். ஆசிரியர் ஒன்றைத் தூக்கி "ஹே ராக்காவ்" (ஒரு கோல்) என்பார். வரிசையாக ஒவ்வொருவரும் சொல்வார்கள். அடுத்து "ராக்காவ் ஃபெரோ", சிவப்புக் கோல். நிறம் பின்னால் வருவதைக் கவனியுங்கள். 'ஃபெரோ ராக்காவ்' என்று பலருக்கும் தவறுவது இங்கேதான். பிறகு "ஹோமாய்" (என்னிடம் தா), "ஹோஆத்து" (அப்பால் கொடு). கோல் கைமாறும்போதே வினை மனதில் பதிந்துவிடும்.

விதிகள் ஐந்து. வகுப்புக்குள் ஆங்கிலம் கூடாது. ஒருவர் திணறும்போது அடுத்தவர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. யாரிடம் கேள்வி கேட்கப்பட்டதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பிறர் நம்பிக்கையை மதிக்க வேண்டும். ஒருவருக்கொருவர் இதமாக இருக்க வேண்டும். இரண்டாவது விதிதான் உயிர். பக்கத்து இருக்கைக்காரர் உதவுவதாக நினைத்து விடையைச் சொன்ன கணத்தில், 'உனக்கு வராது' என்ற பழைய தீர்ப்பு திரும்ப எழுதப்படுகிறது. ஆசிரியர் அரை நிமிடம் மௌனமாகக் காத்திருக்கப் பழக வேண்டும். புதிய ஆசிரியர்கள் தோற்பது இந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான்.

தமிழ் தெரிந்தவருக்குச் சில இடங்கள் எளிது. 'தாத்தோவ்' நாம், 'மாத்தோவ்' நாங்கள்; ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் மாதக்கணக்கில் குழம்பும் வேறுபாடு இது. குறில், நெடிலும் அப்படியே: 'கெகெ' என்றால் கேக், 'கேகே' என்றால் அக்குள். கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. 'என்' என்பதற்கு 'தாக்கு', 'தோக்கு' என இரண்டு சொற்கள். நான் ஆள்வதும் பேணுவதும் 'தாக்கு': பிள்ளை, புத்தகம், உணவு. என்னைத் தாங்குவதும் மூடுவதும் 'தோக்கு': தாய், வீடு, உடை, வண்டி. உடலுறுப்பும் 'தோக்கு' பக்கம்தான். பட்டியலாக மனப்பாடம் செய்தால் நிற்காது. உறவை நினைத்தால் நிற்கும்.

பெரியவர்களுக்கு தே அத்தாராங்கி, குழந்தைகளுக்கு 'கோஹங்கா ரேயோ', மொழிக் கூடு. 1982இல் வெலிங்டன் அருகே வாய்னுயோமத்தாவில் முதலாவது திறந்தது. தாத்தா பாட்டிகளே மொழியூற்று. 1993இல் 800க்கும் மேல் இருந்தவை இன்று 500க்கும் குறைவு. பேசத் தெரிந்த மூத்தவர்கள் மறைந்துவருவது ஒரு சிக்கல். இன்னொன்று, ஐந்து வயதில் ஆங்கிலப் பள்ளிக்கு மாறும் பிள்ளையிடம் வீட்டில் யாரும் மாவோரி பேசாவிட்டால், வந்த மொழி வேகமாகப் போய்விடும்.

தென்தீவின் காய் தாஹு குலம் ஆயிரம் மாவோரி பேசும் வீடுகளைக் குறிவைத்துத் திட்டம் போட்டது இதனால்தான். வீடு முழுவதையும் ஒரே நாளில் மாற்ற முயன்றவர்கள் பெரும்பாலும் ஒரு மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். ஒரே ஓர் இடத்தைப் பிடியுங்கள்: சாப்பாட்டு மேசை. முதல் வாரத்துக்கு இரண்டு வாக்கியம் போதும். "ஹாயெரே மாய் கி தே காய்", சாப்பிட வா. "ஹோரோயா ஓ ரிங்காரிங்கா", கை கழுவு. பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் அதட்ட வேண்டாம். அதையே மாவோரியில் நிதானமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, சோற்றைப் பரிமாறுங்கள்.