டொமைன் பெயருக்கு விலை போடும் கணக்கு

ஒரு டொமைன் பெயருக்கு, அதாவது இணையதள முகவரிக்கு, ஒரே விலை என்று எதுவும் கிடையாது. பெயர்களை வாங்கி விற்கும் சக முதலீட்டாளர் ஏலத்தில் கொடுப்பது மொத்த விலை. அந்தப் பெயரில் தொழில் நடத்தப் போகிறவர் கொடுப்பது சில்லறை விலை. இரண்டுக்கும் நடுவே பத்து மடங்கு இடைவெளி இருப்பது சகஜம். சில்லறை விலையை மனதில் வைத்து வாங்கிவிட்டு, பணம் தேவைப்படும்போது மொத்த விலைக்குத் தள்ளுவதில்தான் நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

வாய்ஸ் டாட் காம் 2019இல் 3 கோடி டாலருக்குக் கைமாறியது. அந்த மாதிரிச் செய்திகளை வைத்து உங்கள் பெயருக்கு விலை போட முடியாது. போட வேண்டிய கணக்கு வேறு, மிகச் சின்னது.

உங்களிடம் 100 டாட் காம் பெயர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிப்புக் கட்டணம் தலா 12 டாலர், ஆக வருடத்துக்கு 1,200. நூறில் ஒன்றோ இரண்டோ ஒரு வருடத்தில் விற்றால் அது சராசரியான தொகுப்பு என்பது இந்தத் தொழிலில் பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு. ஒன்று 2,000 டாலருக்கு விற்கிறது, சந்தைத் தளத்தின் கமிஷன் 20 சதவீதம் என்றால் கையில் 1,600. செலவு போக மிச்சம் 400, அதாவது பெயருக்கு 4 டாலர். ஒவ்வொன்றையும் 50 டாலர் கொடுத்து வாங்கியிருந்தால் முதல் திரும்பவே பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். இதே தொகுப்பில் இரண்டு விற்றால்? வரவு 3,200, மிச்சம் 2,000, பெயருக்கு 20 டாலர். இரண்டரை வருடத்தில் முதல் வந்துவிடும். விற்பனை இரண்டு மடங்கானதும் லாபம் ஐந்து மடங்காகிவிட்டது. அதனால் ஒரு பெயரைப் பார்த்ததும் "எவ்வளவுக்குப் போகும்" என்று கேட்பதற்கு முன் "எத்தனை பேர் வாங்கக்கூடும்" என்று கேளுங்கள். அழகான பெயர், ஆனால் அதை வாங்க உலகத்தில் இரண்டே பேர்தான் என்றால் விட்டுவிடலாம்.

வாங்கக்கூடியவர்களை எண்ண முடியும். அந்தச் சொல் வேறு எத்தனை நீட்சிகளில் (டாட் நெட், டாட் இன் போன்ற கடைசிப் பகுதிகளில்) பதிவாகியிருக்கிறது என்று டாட்டிபி போன்ற தளத்தில் பாருங்கள். பிறகு அவற்றைத் திறந்து பாருங்கள், ஏனென்றால் வெறுமனே பதிவாகிக் கிடப்பது கணக்கில் சேராது. தொழில் நடக்கிறதா என்பதுதான் முக்கியம். அதே பெயரோடு முன்னால் 'கெட்', பின்னால் 'ஆப்' என்று ஒட்டுப்போட்டு இயங்கும் நிறுவனங்கள்தான் மிக நல்ல அறிகுறி. கூகுளில் அந்தச் சொல்லுக்குத் தொடர்ந்து விளம்பரம் வருகிறதா என்றும் பாருங்கள். ஒரு வாடிக்கையாளரால் பல ஆயிரம் டாலர் வருமானம் பார்க்கும் துறை பெயருக்கும் தாராளமாகக் கொடுக்கும்.

பிறகுதான் ஒப்பீடு. நேம்பயோ தளத்தில் பழைய விற்பனை விலைகள் கிடைக்கும். அதே நீட்சி, அதே சொல் அதே இடத்தில், கடந்த இரண்டு மூன்று வருடங்களுக்குள் நடந்தது என்று வடிகட்டுங்கள். சொல் முன்னால் வருவதும் பின்னால் வருவதும் ஒரே விலை பெறாது. எந்தத் தளத்தில் விற்றது என்பதையும் கவனியுங்கள்: காலாவதிப் பெயர் ஏலத்தில் விற்றிருந்தால் அது பெரும்பாலும் மொத்த விலை, செடோ, ஆப்டர்னிக் போன்ற சந்தைத் தளங்கள் வழியாக விற்றிருந்தால் பெரும்பாலும் சில்லறை விலை. அந்தப் பட்டியலில் விற்றவை மட்டும்தான் இருக்கும்; பத்து வருடம் விற்காமல் கிடந்தவை இருக்காது. தானியங்கி மதிப்பீட்டுக் கருவிகள் சொல்லும் எண்ணை நான் விலையாக எடுத்துக்கொள்வதில்லை. சொற்களைத் தப்பாகப் பிரித்துக்கூட மதிப்புச் சொல்லிவிடும்.

பெயரின் தரத்துக்கு ஒரு சோதனை போதும். போனில் ஒருமுறை சொன்னால் எதிரில் இருப்பவர் சரியாகத் தட்டச்சு செய்வாரா? இடையில் கோடு, எழுத்தா எண்ணா என்று குழப்பும் 'ஃபோர்', வேண்டுமென்றே மாற்றிய எழுத்துக்கூட்டல் எல்லாம் இதில் விழுந்துவிடும். மூன்றெழுத்து டாட் காம் மொத்தமே 17,576தான். அங்கே அர்த்தம் தேவையில்லை, எண்ணிக்கை குறைவு என்பதே விலையைத் தாங்குகிறது. ஆறேழு எழுத்து சேர்ந்த அர்த்தமற்ற பெயருக்கு அந்தத் தாங்கல் கிடையாது.

நீட்சியைப் பொறுத்தும் கணக்கு மாறும். புதிய நீட்சிகளில் பல நல்ல சொற்களைப் பிரீமியம் என்று ஒதுக்கி, வருடா வருடம் நூற்றுக்கணக்கான டாலர் புதுப்பிப்புக் கேட்பார்கள். முதல் வருடத் தள்ளுபடி விலையைப் பார்த்து வாங்காதீர்கள், இரண்டாம் வருட விலையைக் கேட்டு வாங்குங்கள். டாட் ஏஐக்குக் குறைந்தது இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும். இரண்டெழுத்து நீட்சிகள் ஒரு நாட்டையோ நிலப்பகுதியையோ சார்ந்தவை. நாடு மறைந்தால் நீட்சியும் போகலாம்: யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ 2010இல் முற்றிலும் நீக்கப்பட்டது.

வர்த்தக முத்திரைச் சோதனையை மட்டும் ஒருபோதும் தவிர்க்காதீர்கள். முத்திரை வைத்திருப்பவர், டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் யூடிஆர்பி என்ற தகராறுத் தீர்வு விதிப்படி புகார் கொடுத்தால், மூன்றை நிரூபிக்க வேண்டும்: பெயர் முத்திரையோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, தீய நோக்கத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறீர்கள். நிரூபித்துவிட்டால் பெயர் போய்விடும், இழப்பீடு கிடையாது. முத்திரையைக் குறிவைத்துப் பதிவு செய்து அதன் உரிமையாளருக்கே விற்க முயன்றால், அதற்காக நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலே தீய நோக்கத்துக்குச் சாட்சியாகும். அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பெயருக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை அபராதத் தொகை விதிக்க இடமுண்டு. பொதுச்சொல்லை அதன் பொதுப்பொருளில் வைத்திருப்பது வேறு விஷயம். அப்போதும், தளம் எதுவும் நடத்தாமல் விளம்பரத்துக்கு மட்டும் நிறுத்தி வைத்த பக்கத்தில் முத்திரைக்காரரின் போட்டியாளர் விளம்பரம் தானாக ஓடினால் பழி உங்கள் மேல்தான்.

பழைய பெயர் வாங்கினால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அதன் முந்தைய பக்கங்களைப் பாருங்கள். நடுவில் சில மாதம் சூதாட்டமோ போலி மருந்தோ விற்றிருந்தால் மின்னஞ்சல் தடைப்பட்டியலிலும் இருக்கலாம். வாங்குபவரின் தொழில்நுட்ப ஆள் அதைக் கண்டுபிடித்ததும் பேரம் முறியும்.

விற்கும்போது விலையை எழுதி வையுங்கள். சில ஆயிரம் டாலருக்குள் உள்ள பெயர்களுக்கு "உடனே வாங்கு" விலைதான் வேலை செய்கிறது. "விலை கேளுங்கள்" என்று போட்டால் பாதிப் பேர் கேட்காமலே போய்விடுவார்கள். பணம் எஸ்க்ரோ வழியாக, அதாவது பெயர் கைமாறும் வரை பணத்தைப் பிடித்து வைக்கும் இடைத்தரகர் வழியாக, வரட்டும். வாங்க ஆசைப்படுவதாக எழுதிவிட்டு, குறிப்பிட்ட ஒரு தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்பச் சொன்னால் அது மோசடி. சான்றிதழுக்கு நீங்கள் கட்டும் பணம்தான் அவர்களின் வருமானம்.

புதுப்பிக்கும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே ஒவ்வொரு பெயரையும் பாருங்கள். இரண்டு வருடமாக ஒரு விசாரிப்புகூட வராமல், வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கையும் கூடாமல் இருந்தால் அப்போதே மொத்த விலைக்கு ஏலத்தில் விடுங்கள். காலாவதி நெருங்க நெருங்க, அடுத்த வருடக் கட்டணத்தை வாங்குபவர் உங்கள் விலையிலிருந்துதான் கழிப்பார்.