ஸ்வயம் ஜியாலஜி தேர்வு: எந்தப் புத்தகம், எந்தக் கல்

செமஸ்டர் பதிவு தொடங்கியதும் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கத்துக் கல்லூரிகளில் கேட்கும் முதல் கேள்வி "ஜியாலஜிக்கு எந்த புக் வாங்கலாம்?" என்பதுதான். கடைக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் எடுக்கும் ஸ்வயம் (மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளம்) பாடத்தை உங்கள் பல்கலைக்கழகம் எந்தத் தாளுக்கு ஈடாக ஏற்கிறது என்று துறையில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். 12 வாரப் பாடத்துக்குப் பொதுவாக 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2. எட்டு வாரப் பாடத்தை முடித்துவிட்டு 3 கிரெடிட் தாளுக்கு மாற்றிக் கேட்டால் நடக்காது.

அடுத்தது மதிப்பெண் கணக்கு. ஸ்வயத்தில் என்பிடெல் (ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு) நடத்தும் பாடங்களில் வாராந்திர அசைன்மென்டுக்கு 25, மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. முதலாவதில் குறைந்தது 10, இரண்டாவதில் குறைந்தது 30 வேண்டும். ஒன்றில் குறைந்ததை மற்றதால் ஈடுகட்ட முடியாது. 12 வாரப் பாடத்தில் அதிக மதிப்பெண் வாங்கிய 8 அசைன்மென்ட் மட்டுமே கணக்கில் சேரும்.

ஆகவே முதல் பாடநூல் கடையில் இல்லை, பாடத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. விரிவுரையின் டிரான்ஸ்கிரிப்டை இறக்கிக்கொள்ளுங்கள். அதே பாடம் முந்தைய ஆண்டுகளில் நடந்திருந்தால் அந்தப் பழைய அசைன்மென்டுகளையும் விடைகளையும் எடுத்து வையுங்கள். எதையும் படிக்காமல், முதல் மூன்று வாரத்துக் கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். தவறான ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணத்தை எழுதுங்கள்: சொல் தெரியவில்லை, கருத்து புரியவில்லை, கணக்கு வரவில்லை, படத்தில் இருப்பது என்னவென்று தெரியவில்லை. இந்த நான்கில் எது அதிகமோ அதற்கேற்பத்தான் புத்தகம் வாங்க வேண்டும். கணக்கில் தடுமாறுகிறவருக்கு 700 பக்கப் பாடநூல் உதவாது.

சொல்தான் சிக்கல் என்றால், தமிழ்வழியில் படித்தவர்கள் தமிழ்நாட்டுப் பாடநூலான பதினோராம் வகுப்புப் புவியியலில் பாறைக்கோளம் பற்றிய பாடங்களை மட்டும் படித்தால் போதும். தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை எல்லாம் அங்கே தெளிவாக இருக்கின்றன. ஆனால் இணையத்தில் "புவியியல்" என்று தேடாதீர்கள். தமிழில் அந்தச் சொல் ஜியாகிரஃபிக்கும் ஜியாலஜிக்கும் சேர்த்தே புழங்குவதால் மழைப்பொழிவும் மக்கள்தொகையும் வந்து நிற்கும். "நிலவியல்" என்றோ "புவியமைப்பியல்" என்றோ தேடுங்கள்.

கருத்துக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. ஜியாலஜி பாடங்கள் அதன் ஈ-ஞான்கோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பாடக் குறியீடு பிஜிஒய்சிடி: 131 புவியின் அமைப்பும் மடிப்பும் பிளவும், 133 கனிமங்கள், 135 பாறைகள், 137 அடுக்கியலும் புதைபடிவங்களும். சிவில் இன்ஜினியரிங் மாணவருக்கு 131, 135 இரண்டும் போதும். தனியாகப் படிக்கிறவருக்காகவே எழுதப்பட்டவை என்பதால் இவற்றையே நான் முதலில் சொல்வேன். இதற்கு மேல் ஒரே ஒரு அச்சுப் புத்தகம். மூன்று வாங்கினால் மூன்றிலும் முதல் அத்தியாயம்தான் முடிந்திருக்கும்.

நூலகத்தில் எடுக்கும் பழைய புத்தகத்தை ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். குவாட்டர்னரி (இப்போது நடக்கும் புவிக்காலம்) எப்போது தொடங்கியது என்று போட்டிருக்கும் பக்கத்தைத் திறங்கள். 16 லட்சம் அல்லது 18 லட்சம் ஆண்டு என்றிருந்தால் அது 2009-க்கு முந்தைய கணக்கு, இப்போது 25.8 லட்சம். அதற்கு முந்தையதை டெர்ஷியரி என்று ஒரே காலமாகப் போட்டிருந்தால் இன்றைய அட்டவணையில் அது பேலியோஜீன், நியோஜீன் என்று இரண்டு. மலைகள் உருவானதை ஜியோசின்க்ளைனால் (படிவு நிறைந்த நீண்ட பள்ளம் மலையாகும் என்ற பழைய கொள்கை) மட்டும் விளக்கி, புவித்தட்டுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிய புத்தகத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள். தஞ்சைப் பக்கத்துக்காரரான எம்.எஸ். கிருஷ்ணன், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்தியத் தலைவர், எழுதிய இந்திய நிலவியல் நூலை நம் ஊர் மாணவர்கள் கட்டாயம் ஒருமுறை புரட்ட வேண்டும். ஆனால் அது 1943-இல் முதலில் வந்தது. வயதுக் கணக்குக்கு அதை நம்பித் தேர்வு எழுதக் கூடாது.

போட்டித் தேர்வுக்கான கொள்குறி வினாத் தொகுப்புகளை ஒதுக்கிவிடுங்கள். நிலநடுக்கத்தின் ஆற்றலைச் சொல்லும் ரிக்டர் அளவையும் பாதிப்பைச் சொல்லும் மெர்காலி அளவையும் குழப்பி, நிலத்தடியில் இருக்கும் மாக்மாவும் வெளியே வழியும் லாவாவும் ஒன்றே என்று விடை போட்டவற்றைப் பார்க்கலாம். தவறாக மனப்பாடம் செய்ததை மறப்பது கஷ்டம்.

படத்தில் தடுமாறுகிறவர்கள்தான் டெல்டாவில் அதிகம், அதற்குக் காரணமும் இருக்கிறது. கல்லணைக்குக் கிழக்கே கடல் வரை நம் காலடியில் இருப்பது வண்டலும் மணலும். வயலில் ஒரு பாறை தலைநீட்டாது. பெரிய கோயில் கல்கூட வெளியிலிருந்து வந்ததுதான். அதனால் இங்கே கல்லையும் பாடப்பொருளாகச் சேகரிக்க வேண்டும். வீடு கட்டும் இடத்தில் முக்கால் இஞ்ச் கருங்கல் ஜல்லியில் பத்துத் துண்டு கேட்டு வாங்குங்கள். கழுவிக் காயவைத்து, வெயிலில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் சட்டென்று கண்ணாடிபோல் மின்னும் தட்டையான முகம் ஃபெல்ஸ்பார் என்ற கனிமம், இப்படித் தட்டையாகப் பிளப்பதுதான் கிளீவேஜ். எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படி மின்னாமல், உடைந்த பாட்டில் ஓரம் மாதிரி இருப்பது குவார்ட்ஸ். நகத்தால் செதிலாகப் பெயர்வது பயோடைட் என்ற கறுப்பு மைக்கா. கிளீவேஜுக்கும் முறிவுக்கும் உள்ள வேறுபாடு இந்தப் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும், பக்கம் பக்கமாகப் படித்தாலும் இப்படிப் புரியாது.

அதோடு உடைந்த கடப்பா கல் ஒரு துண்டு, கல்சட்டி உடைசலான மாக்கல் ஒன்று, காவிரி மணல் ஒரு பிடி. கடப்பா கல் சுண்ணாம்புப் பாறை: ஆணியால் சுரண்டிய பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுண்குமிழி வரும், ஜல்லிப் பொடியில் வராது. கழிவறை ஆசிட்டை இதற்கு எடுக்காதீர்கள். கல்லூரி ஆய்வகத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். மாக்கல்லில் டால்க் அதிகம் என்பதால் தொட்டாலே சோப்பு மாதிரி வழுக்கும். மணலில் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு இழுத்தால் கறுப்பாக ஒட்டுவது பெரும்பாலும் மேக்னடைட் என்ற இரும்புத் தாது. உறை இல்லாமல் விட்டால் காந்தத்திலிருந்து உரித்தெடுக்க முடியாது.

கடினத்தன்மை சோதனையில் ஒரு எச்சரிக்கை. மோஸ் அளவில் (1 முதல் 10 வரையான கடினத்தன்மை வரிசை) நகம் 2.5, செப்பு நாணயம் 3.5, கத்தி 5.5 என்று புத்தகங்கள் சொல்லும். நம் கையில் இருக்கும் ஒரு ரூபாய் எஃகு. அதால் கீறினால் விடை மாறிவிடும். வயரிங் கடையில் தடித்த செப்புக் கம்பி ஒரு துண்டு வாங்குங்கள், அது ஏறக்குறைய 3. கனிமத்தைத் தேய்த்தால் விழும் கோட்டு நிறத்தைப் பார்க்க மெருகில்லாத வெள்ளை டைல் பின்பக்கம் போதும்.

ஒரு ஞாயிறு கிடைத்தால் கொள்ளிடம் தாண்டி அரியலூர், காரை பக்கம் போய் வாருங்கள். கிரெட்டேசியக் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம்) கடல் படிவுகள் அங்கே வெளியில் தெரிகின்றன. காரைக் களிமண்ணில் ஜிப்சம் நரம்புகளை நகத்தாலேயே கீறலாம். புதைபடிவங்களைப் படம் மட்டும் எடுங்கள். அவற்றின் வயதைக் கார்பன்-14 கொண்டு அறியலாமா என்பது தேர்வில் வைக்கத்தக்க கேள்வி. முடியாது: அதன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 5,730 ஆண்டு, சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அளக்க மிச்சமிருக்காது.

கணக்குக்குத் தனிப் புத்தகம் வேண்டாம். அரை ஆயுள், நிலநடுக்கத்தில் முதலில் வரும் பி அலைக்கும் அடுத்து வரும் எஸ் அலைக்கும் உள்ள இடைவெளி, அப்பேரண்ட் டிப் (சாய்ந்த அடுக்கை வேறு திசையில் வெட்டினால் தெரியும் சாய்வு) ஆகிய மூன்றிலும் தலா பத்துக் கணக்கு போடுங்கள். அப்பேரண்ட் டிப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். ட்ரூ டிப் (அடுக்கின் உண்மையான சாய்வு) 30 டிகிரி, வெட்டும் திசை ஸ்ட்ரைக்கோடு (அடுக்கின் கிடைக்கோட்டுத் திசை) 30 டிகிரி என்றால், டான் 30-ஐ சைன் 30-ஆல் பெருக்க 0.289, அதாவது 16.1 டிகிரி. உங்களுக்கு 26.6 வந்தால் ஸ்ட்ரைக்கிலிருந்து எடுக்க வேண்டிய கோணத்தை டிப் திசையிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். 30-ஐத் தாண்டி வந்தால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறீர்கள்.